கணினியில் ரயில் ஓட்டும் விளையாட்டான ரயில் சிமுலேட்டரில் வண்டியைத் திருப்பக்கூட முடியாது, தண்டவாளம் போகிற பக்கம் போகும். அதில் அப்படி என்ன சுவாரசியம்?

திருப்ப முடியாது என்பது சரிதான். திசை நம் கையில் இல்லாததால் நேரம் மட்டும்தான் நம் கையில் இருக்கிறது: எப்போது வேகம் கூட்டுவது, எப்போது விடுவது, எப்போது பிரேக் போடுவது. என்னை இந்த விளையாட்டுகளோடு கட்டிப்போட்டது பிரேக்தான்.

எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரம் உருளும்போது தடை மிகக் குறைவு. அதனால்தான் ஒரே எஞ்சின் ஆயிரக்கணக்கான டன்னை இழுக்கிறது. வண்டி சட்டென்று நிற்காததும் அந்த வழுக்கலால்தான். வேகமாகப் போகும் ரயில் நிற்க ஒரு கிலோமீட்டருக்கு மேலும் ஆகலாம். சிவப்பு சிக்னலைப் பார்த்த பிறகு யோசிக்க நேரமில்லை, அதற்கு முந்தைய மஞ்சள் சிக்னலிலேயே முடிவெடுத்திருக்க வேண்டும்.

சரக்கு வண்டி இன்னும் நுணுக்கமானது. பிரேக் குழாயில் காற்றழுத்தத்தைக் குறைத்தால்தான் பிரேக் பிடிக்கும். 1870களில் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் உருவாக்கிய ஏற்பாடு இது. வேகன் கழன்று குழாய் அறுந்தாலும் வண்டி தானாக நின்றுவிடும். எவ்வளவு அழகான யோசனை! ஆனால் அந்த அழுத்தக் குறைவு கடைசி வேகன்வரை போய்ச் சேரச் சில நொடிகள் பிடிக்கும். அதற்குள் முன்வேகன்கள் பிரேக் பிடிக்க, பின்னால் வருபவை முட்டி நெருக்கும். இறக்கத்தில் பிரேக்கைப் போடுவதும் விடுவிப்பதுமாக ஓட்டினால், பிரேக்கை அழுத்தக் காற்று தரும் வேகன்களின் காற்றுத் தொட்டிகள் மறுபடி நிரம்ப அவகாசம் கிடைக்காது. ஒவ்வொரு முறையும் பிடிமானம் குறைந்துகொண்டே வரும். நல்ல சிமுலேட்டர் இவ்வளவையும் கணக்குப் போட்டுக் காட்டும். ஒரு சரக்கு வண்டியை மலையிறக்கத்தில் சீரான வேகத்தில் கீழே கொண்டுவந்து சேர்ப்பதைப் போன்ற திருப்தி எனக்கு வேறு எந்த விளையாட்டிலும் கிடைத்ததில்லை.

நிறுத்துவதையே முழு ஆட்டமாக்கிய விளையாட்டும் உண்டு. 1996இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'டென்ஷா டெ கோ!'வில் பிளாட்பாரத்தில் குறித்த இடத்தில், குறித்த நேரத்துக்கு வண்டியை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம், அதுவே போதுமானதாக இருந்தது.

தொடங்கிப் பார்க்க நினைத்தால் காசு செலவழிக்க வேண்டாம். ஓப்பன்பிவிஇ, ஓப்பன் ரெயில்ஸ் என்ற இரண்டு சிமுலேட்டர்களும் இலவசம். 2001இல் வந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டருக்காகச் செய்த தடங்களும் ஓப்பன் ரெயில்ஸில் ஓடும். முதலில் எக்ஸ்பிரஸ் வேண்டாம், அதில் நேராகப் போய்க்கொண்டே இருப்பீர்கள். அடிக்கடி நிற்கும் பயணி வண்டியை எடுங்கள். அப்புறம் சரக்கு வண்டிக்கு வாருங்கள்.