மண்பாதையில் கிலோமீட்டர் கணக்கு செல்லாது

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள். எல்லாருக்கும் தார்ச்சாலையில் நீண்ட தூரம் ஓட்டிய பழக்கம் உண்டு, மண்பாதை அனுபவம் இருவருக்குத்தான். சனி, ஞாயிறில் ஒரு கரடுமுரடான மலைப்பாதையைச் சுற்றி வரத் திட்டம். மொத்தம் 280 கி.மீ., அதில் 150 கி.மீ. கல்லும் மண்ணும். அதைச் சனிக்கிழமையே முடித்துவிட்டால் ஞாயிறு நிதானமாகத் திரும்பலாம் என்று நினைக்கிறோம். நடுவில் ஓர் ஓடை, உச்சி சுமார் 3000 மீட்டர். இரண்டு அட்வென்சர் பைக் (கரடுமுரடான பாதைக்கும் ஏற்ற பெரிய பைக்), மூன்று சாதாரண பைக். டயரில் எவ்வளவு காற்று வைப்பது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸை அணைக்க வேண்டுமா, எதையெல்லாம் எடுத்துப்போக வேண்டும்? ஒரு நண்பர் பின்னால் ஆள் ஏற்றி வரலாமா என்றும் கேட்கிறார்.

பதில்: டயருக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் அப்புறம் வருகிறேன். முதலில் அந்த 150 கி.மீ.யைப் பார்ப்போம். தார்ச்சாலையில் அது மூன்று மணி நேர வேலை. கல்லும் மண்ணுமான மலைப்பாதையில், மூன்று பேர் புதியவர்களாக உள்ள குழு, நிற்பது, விழுவது, விழுந்த பைக்கைத் தூக்குவது, பின்னால் வருபவருக்காகக் காத்திருப்பது எல்லாம் சேர்த்து மணிக்கு 15 முதல் 20 கி.மீ. நகர்ந்தாலே நல்ல வேகம். அதாவது ஏழரை முதல் பத்து மணி நேரம், அதுவும் தார்ச்சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டி மலையடிக்கு வந்த பிறகு. அப்படிப் பார்த்தால் கை ஓய்ந்து, வெளிச்சம் போய், எல்லாரும் அவசரப்படுகிற நேரத்தில்தான் நீங்கள் இறக்கத்தில் இருப்பீர்கள். மலை இடுக்குகளில் சூரியன் மறைவதற்கு வெகு முன்பே நிழல் விழுந்துவிடும், நிழலில் குழி எது கல் எது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

அதனால் மண்பாதையை இரண்டாகப் பிரியுங்கள். சனிக்கிழமை ஏற்றத்தின் பெரும்பகுதி, உச்சிக்கு முன்னாலேயே, கொஞ்சம் தாழ்வான இடத்தில் தங்கல். ஞாயிறு காலை புத்துணர்வோடு உச்சியும் இறக்கமும். வரைபடத்தில் பாதை எங்கெங்கே தார்ச்சாலையைத் தொடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், இத்தனை மணிக்குள் இந்த இடத்தைத் தாண்டாவிட்டால் திரும்பிவிடுவோம் என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். மலையில் வைத்துப் பேசினால் "இன்னும் கொஞ்சம்தானே" என்பவர்தான் ஜெயிப்பார்.

இறக்கத்தைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தார்ச்சாலைப் பழக்கம் உங்களைக் காலை வாரிவிடுகிற இடம் அதுதான். ஏற்றத்தில் தப்பு செய்தால் பெரும்பாலும் பைக் நின்றுவிடும், இறக்கத்தில் தப்பு செய்தால் பைக் நிற்காது. செங்குத்தான இறக்கம் தொடங்குவதற்கு முன்பே முதல் அல்லது இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். கிளட்சை முழுக்க விட்டுவிட்டு எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கட்டும். பயத்தில் கிளட்சைப் பிடிப்பதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்வது, பிடித்த அடுத்த நொடியே வேகம் கூடிவிடும். முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள், அதை நம்பாதீர்கள். இறக்கத்தில் எடையில் பெரும்பங்கு முன்சக்கரத்தின் மேல்தான், நிறுத்தும் சக்தியும் அங்கேதான் இருக்கிறது. ஒரு விரல் அல்லது இரண்டு விரலால் மெதுவாக அழுத்தத்தைக் கூட்டுங்கள், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது மட்டும் வேண்டாம். உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, முழங்காலால் டேங்கை அணைத்து, பார்வையைப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் வையுங்கள். முன்சக்கரத்துக்கு நேர்கீழே உள்ள கல்லையே பார்த்தால் அந்தக் கல்லில்தான் போய் ஏறுவீர்கள்.

ஏபிஎஸ் கேள்வி இங்கேதான் வருகிறது. உதிரிக் கல்லில் சக்கரம் கொஞ்சம் பூட்டினால் அதற்கு முன்னால் மண் குவிந்து வண்டியை நிறுத்த உதவும். ஏபிஎஸ் அதற்கு விடாமல் பிரேக்கைத் தளர்த்தித் தளர்த்திப் பிடிப்பதால் நிற்கும் தூரம் நீளும். பின்சக்கரத்துக்கு மட்டும் அணைக்கும் வசதி இருந்தால் அணையுங்கள், முன்சக்கரத்தில் இருக்கட்டும், புதியவருக்கு அது காப்பு. பல பைக்குகளில் சாவியை அணைத்துப் போட்டால் ஏபிஎஸ் தானாகத் திரும்பி வந்துவிடும், ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் பாருங்கள். அந்த வசதி இல்லாத பைக்கில் ஃபியூஸைப் பிடுங்குகிற வேலை வேண்டாம், வேகத்தைக் குறைத்தாலே போதும்.

ஏற்றத்தில் நடுவழியில் எஞ்சின் நின்றுபோனால் பதறிப்போய்க் கிளட்சைப் பிடிக்காதீர்கள். எடை பின்னால் இருப்பதால் முன் பிரேக் மட்டும் வண்டியைப் பிடிக்காது, முன்சக்கரம் பூட்டியபடியே பின்னால் வழுக்கும். எஞ்சின் அணைந்த நிலையில் கியரிலேயே விட்டால் பின்சக்கரத்துக்கு அதுவே பிரேக். கிளட்சைத் துளித்துளியாக விட்டுப் பிடித்து, முன் பிரேக்கையும் சேர்த்துப் பயன்படுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இறக்கி வண்டியைக் குறுக்கே திருப்பிக்கொள்ளலாம். கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒரு சின்ன மேட்டில் இதைப் பத்து முறை செய்து பாருங்கள்.

நின்றுகொண்டு ஓட்டுவதையும் அப்போதே பழகுங்கள். ஃபுட்ரெஸ்டில் நின்றால் பைக் உங்களுக்கு அடியில் தாராளமாக ஆடும், முழங்கால்தான் சஸ்பென்ஷன். ஹேண்டிலைப் பிடித்துத் தொங்கக் கூடாது, இறுக்கிப் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் முன்கை மரத்துவிடும்.

சரி, டயர். சாலைக்கு 29 முதல் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைப்பவர்கள் மண்ணில் 22 முதல் 25 வரை இறக்கலாம். டயர் கொஞ்சம் தட்டையாகி மண்ணைக் கவ்வும், கல்லில் துள்ளாது. அதற்கும் கீழே போனால் ட்யூப் உள்ள சக்கரத்தில் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கிப் பஞ்சராகும், அலாய் சக்கரத்தில் ரிம்மே வளையவோ விரிசல் விடவோ செய்யும். மூட்டை கனமாக இருந்தால் பின்சக்கரத்தில் இரண்டு பிஎஸ்ஐ கூடவே இருக்கட்டும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை ஏற்றிவிடுங்கள், குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறிக் கெட்டுவிடும். ஆகவே பம்பும் காற்றழுத்த மானியும் இல்லாமல் காற்றை இறக்காதீர்கள். மூன்று சாதாரண பைக்குகள் பற்றி எனக்குக் கவலையில்லை. எடை குறைந்த பைக்கும் பட்டன் போன்ற கட்டைகள் கொஞ்சம் உள்ள டயரும் புதியவருக்குப் பெரிய அட்வென்சர் பைக்கைவிட நல்லது, அதை விழுந்த இடத்திலிருந்து ஒருவரே தூக்கிவிடலாம்.

3000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடக் கால்பங்கு குறைவு. எரிபொருள் இன்ஜெக்‌ஷன் உள்ள பைக் கலவையைச் சரிசெய்துகொள்ளும், போன இழுவையைத் திருப்பித் தராது. கார்புரேட்டர் பைக் என்றால் பெட்ரோல் அதிகமாகிக் கறுப்புப் புகையோடு திக்கும். இரண்டிலும் ஹாஃப் கிளட்ச் அதிகமாகும், கருகல் வாடை வந்தால் உடனே நிறுத்தி ஆறவிடுங்கள். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குளிரும் கூடும். யாருக்காவது தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலே போகாமல் கீழே இறங்குங்கள்.

ஓடையை முதலில் நடந்து கடந்து பாருங்கள். நடக்க முடியாத நீரில் ஓட்டவும் முடியாது. தண்ணீர் சக்கரத்தின் நடு அச்சு வரை என்றால் முதல் கியரில் சீராகப் போகலாம், அதற்கு மேல் என்றால் எஞ்சினை அணைத்து இரண்டு மூன்று பேர் சேர்ந்து தள்ளுங்கள். பனி உருகி வருகிற ஓடை பிற்பகலில் ஏறும், காலையில் கடப்பது நல்லது. பைக் தண்ணீருக்குள் விழுந்து எஞ்சின் நின்றால் செல்ஃப் போடவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனை இயக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, தண்ணீர் வெளியேறும்வரை எஞ்சினைச் சுற்றிவிட்டு, ஏர் ஃபில்டரையும் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட்.

குழுவில் அனுபவமுள்ள இருவரும் ஒன்றாக முன்னால் பறக்கக் கூடாது. ஒருவர் முதலில், ஒருவர் கடைசியில், கடைசி ஆள் யாரையும் முந்துவதில்லை. பாதை பிரியும் இடத்தில் பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை நில்லுங்கள், எல்லாரும் இதைச் செய்தாலே யாரும் தொலைய மாட்டார்கள். புழுதி அடங்கும் அளவுக்கு இடைவெளி விடுங்கள்.

பொருள்களில் பணத்தை முதலில் கணுக்காலை மூடும் உறுதியான பூட்ஸில் போடுங்கள், அப்புறம் முழங்கால் காப்பு. கூடுதல் விளக்கும் பெரிய பெட்டியும் பிறகு பார்க்கலாம். பக்கவாட்டு உலோகப் பெட்டியைவிடத் துணிப்பை நல்லது, விழும்போது கால் அதனடியில் மாட்டி முறியாது. குழுவுக்குப் பொதுவாகப் பஞ்சர் சாமான், டயர் கம்பி, இரண்டு ட்யூப், செயின் லிங்க், உதிரி கிளட்ச் லிவர், கேபிள் டை, ஒட்டுநாடா, இழுக்கும் பட்டை, முதலுதவிப் பை. 21 அங்குல முன் ட்யூபை அவசரத்துக்குப் பின்சக்கரத்திலும் திணிக்கலாம். லிவர்களைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள், விழுந்தால் லிவர் உடையாமல் சுழன்றுகொள்ளும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யும். வீட்டில் ஒருவரிடம் பாதையையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். வனப்பகுதி என்றால் அனுமதி பற்றி முன்கூட்டியே விசாரியுங்கள்.

பின்னால் ஆள்? தார்ச்சாலை வரை சரி, மண்பாதையில் இந்த முறை வேண்டாம். பின்னால் ஆள் இருந்தால் ஓட்டுபவர் உடம்பைப் பின்னுக்கு நகர்த்த முடியாது, பின் சஸ்பென்ஷன் அடிவரை இறங்கும், விழுந்தால் இருவருக்கும் அடி. அவருக்கும் வர ஆசை என்றால் ஜீப்பில் மூட்டைகளோடு தங்கும் இடத்துக்கு வரட்டும். உங்கள் பைக்குகளின் பாரமும் குறையும்.