கொழுந்து கிள்ள முடிகிறது என்பதால் நரம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை

தேயிலைக் கொழுந்து பறிக்கும் அம்மாவின் கை மரத்துப்போவது பக்கவாதமோ என்று பயந்து கோத்தகிரியிலிருந்து எழுதியிருக்கும் மகளுக்கு: உங்கள் அம்மாவுக்கு வந்திருப்பது பக்கவாதம் இல்லை. பக்கவாதம் திடீரென்று வரும். வாய் கோணும், பேச்சு குழறும், ஒரு பக்கத்துக் கையோ காலோ தளரும். அப்படி ஆனால் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். நான்கு மாதமாக நடுராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய், எழுந்து கையை உதறினால் சரியாகிறது என்றால் கோளாறு மணிக்கட்டில் இருக்கிறது. வீடியோ பார்த்துப் பயந்து மூளை ஸ்கேனுக்குக் கடன் வாங்காதீர்கள்.

கட்டைவிரலை மடக்கும்போது ‘டக்’கென்று சொடுக்குவது, விரலை மடக்கும் தசைநாண் அதன் உறையில் சிக்குவதால். பயப்பட ஒன்றுமில்லை. கட்டைவிரல் மணிக்கட்டோடு சேரும் அடிமூட்டில் வலிப்பதும் புதிதல்ல. விரல் நுனியில் ஒரு கிலோ அழுத்திக் கிள்ளினால் அந்த அடிமூட்டில் சுமார் 12 கிலோ அழுத்தம் விழுகிறது. இருபது வருடம் கொழுந்து பறித்த கை வலிக்காமல் இருக்குமா? குளிரில் வலி கூடும், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். நீலகிரித் தைலம் தேய்ப்பதும் தப்பில்லை.

என்னை உறுத்தியது உங்கள் கடைசி வரிதான். ‘டம்ளர் நழுவுகிறது, கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றின மாதிரி இருக்கிறது, ஆனால் கொழுந்து பறிப்பதில் குறையில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘ஆனால்’தான் ஏமாற்றுகிறது.

ஊட்டி ஏரிக்கரையில் குதிரை முதுகில் போட்ட சேணத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் உட்கார்ந்தவர் முன்னும் பின்னும் சாயலாம், பக்கவாட்டிலும் சாயலாம். கட்டைவிரலின் அடிமூட்டும் அதே வடிவம். அதனால்தான் அது மட்டும் எழும்பித் திரும்பி மற்ற விரல்களுக்கு எதிரே வந்து நிற்கிறது. கட்டைவிரலை அசைக்கும் தசைகளில் நான்கு முன்கையில் இருந்துகொண்டு கயிறு போன்ற தசைநாண்களால் இழுக்கின்றன. நான்கு உள்ளங்கையிலேயே இருக்கின்றன. கட்டைவிரலைத் தூக்கித் திருப்புவது பெரும்பாலும் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதைமேட்டுத் தசைகளின் வேலை. அவற்றுக்குப் போகும் நரம்பு மணிக்கட்டின் குறுகிய குகைக்குள், ஒன்பது தசைநாண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு வருகிறது. அங்கே நசுங்குவதைத்தான் கார்பல் டனல் சிண்ட்ரோம் என்கிறோம்.

கிள்ளும் பலம் வருவது வேறு இடத்திலிருந்து. விரல் நுனியை மடக்கும் தசை முன்கையில் இருக்கிறது. அதற்கான நரம்புக் கிளை குகைக்குள் நுழையும் முன்பே பிரிந்துவிடுகிறது. கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு ஒட்டி இறுக்கும் தசைக்கோ சுண்டுவிரல் பக்கத்து நரம்பு போகிறது. அதனால் குகைக்குள் நரம்பு செத்துக்கொண்டிருந்தாலும் கொழுந்து கூடைக்குள் விழும். டம்ளரைச் சுற்றிப் பிடிக்க கட்டைவிரல் விரிந்து எழ வேண்டும். அங்கேதான் முதலில் தோற்கிறது.

இன்று ராத்திரியே பாருங்கள். அம்மா இரண்டு உள்ளங்கையையும் மேலே பார்த்தபடி மேசைமேல் வைக்கட்டும். கட்டைவிரலை நேராகக் கூரையை நோக்கித் தூக்கச் சொல்லி, நீங்கள் ஒரு விரலால் கீழே அழுத்துங்கள். ஒரு கை சட்டென்று விட்டுக்கொடுத்தாலோ, அந்தப் பக்கச் சதைமேடு தட்டையாகத் தெரிந்தாலோ, இந்த வாரமே ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு கையும் ஒரே மாதிரி இருந்தாலும் காட்டத்தான் வேண்டும். இரண்டு பக்கமும் சேர்ந்து வருவது சகஜம். நரம்பில் செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடுங்கள், இரண்டுமே இந்த நெரிசலுக்குக் காரணமாகலாம்.

சதை வற்றாதிருந்தால் ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை கட்டிச் சில வாரம் பார்க்கலாம். வற்றத் தொடங்கிவிட்டால் பொறுத்திருக்கக் கூடாது. குகையின் கூரையாக இருக்கும் நாரை வெட்டி நரம்புக்கு இடம் கொடுப்பார்கள். கையை மட்டும் மரக்கச் செய்து முடிக்கும் சின்ன அறுவை, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். தாமதித்துச் செய்தால் மரப்பு குறைந்தாலும், வற்றிய சதை திரும்பாமலே போகலாம். ‘பறிப்பு சீசன் முடியட்டும்’ என்று அம்மா சொல்வார். கேட்காதீர்கள்.

அப்புறம், மெடிக்கலில் பெயர் சொல்லாமல் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் மாத்திரையும், வாரம் ஒரு ‘நரம்பு ஊசி’யும். இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. நசுங்கிய நரம்பை இந்த ஊசி நிமிர்த்தாது. அந்த மாத்திரையில் ஸ்டீராய்டு இருந்தால் அம்மாவின் சர்க்கரையை ஏற்றிவிடும். வலி மாத்திரையானால் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், ஸ்டீராய்டை அப்படி நிறுத்துவது ஆபத்து. மீதி இருப்பதை அப்படியே பொட்டலத்தோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.