இடுப்பு எலும்பு முறிந்த முதியவருக்கு ஆபரேஷனுக்கு முன் சாப்பாடு: கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு 82 வயது. விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஏற்கெனவே மெலிந்த உடம்பு. ஒரு வாரம் நன்றாகச் சாப்பிட வைத்து, தேற்றிவிட்டு ஆபரேஷன் செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஒரு வாரத்தில் உடம்பு தேறாது. வலியோடு படுத்தே கிடந்தால் இருக்கிற தசையும் கரையும். நிமோனியா, படுக்கைப் புண், காலில் ரத்தக்கட்டு என்று ஒவ்வொன்றாக வரும். அதனால்தான் முடிந்தவரை 36 முதல் 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷனை முடிக்கப் பார்க்கிறார்கள். தேற்றுவதெல்லாம் பிறகு. அதுவரை அவரை வீணாகப் பட்டினி போடாமல் இருந்தாலே பெரிய விஷயம்.

கேள்வி: என் மாமனாருக்கு அதுதான் நடந்தது. நள்ளிரவிலிருந்து ஒன்றும் தரக்கூடாது என்றார்கள். மறுநாள் மாலை, "இன்று இல்லை, நாளைக்கு" என்றார்கள். மறுபடியும் நள்ளிரவிலிருந்து பட்டினி. இது சரியா?

பதில்: சரியில்லை, ஆனால் அடிக்கடி நடக்கிறது. மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். அதற்காக ராத்திரியிலிருந்தே வாயைக் கட்ட வேண்டியதில்லை. பொதுவான கணக்கு இது: லேசான உணவும் பாலும் 6 மணி நேரம் முன்பு வரை, எண்ணெய்ப் பண்டம், இறைச்சி என்றால் 8 மணி நேரம். தண்ணீர், பால் கலக்காத டீ, சக்கை இல்லாத பழச்சாறு எல்லாம் 2 மணி நேரம் முன்பு வரை. மயக்க மருந்து டாக்டர் இவருக்கு மட்டும் கூடுதல் நேரம் சொன்னால் அவர் சொல்வதுதான்.

"எத்தனை மணிக்குத் தியேட்டர்? எதுவரை தண்ணீர் தரலாம்?" என்று நர்ஸிடம் கேட்டுவிடுங்கள், கூச்சப்படாதீர்கள். தள்ளிப்போய்விட்டது என்று தெரிந்ததும், கேட்டுக்கொண்டு உடனே சாப்பிடக் கொடுங்கள். வயதானவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது. நீர் வற்றினால் ரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீரகம் பாதிக்கும், திடீரென்று ஆள் தெரியாமல் பேச ஆரம்பிப்பார்கள்.

கேள்வி: சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பிப் போகிறது. புரத பானம் வாங்கலாமா?

பதில்: முதலில் வலியைப் பாருங்கள். வலியில் யாருக்கும் பசிக்காது. இடுப்புப் பக்கம் நரம்பை மரக்கச் செய்யும் ஊசி உண்டு, கேளுங்கள். அப்புறம் பல்செட் எங்கே? வீட்டிலேயே விட்டுவிட்டு வந்து "சாப்பிடவே மாட்டேன் என்கிறார்" என்று சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டாக்டர் அனுமதிக்கும் அளவுக்குத் தலைப்பக்கத்தை உயர்த்தியே ஊட்டுங்கள்.

புரதம் ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வேண்டும். 50 கிலோ ஆளுக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். அதனால் பானம் நல்லதுதான். சாப்பாட்டுக்குப் பதிலாக இல்லாமல், இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பால் கலந்த பானத்துக்கு 6 மணி நேரக் கணக்கு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் கேட்காமல் தொடங்காதீர்கள்.

கேள்வி: ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைவு என்று ரிப்போர்ட். சத்துக் குறைவா?

பதில்: அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. அடிபட்டு உடம்பில் அழற்சி இருந்தாலே ஆல்புமின் இறங்கும். மூன்று, நான்கு மாதமாக உடைகள் தொளதொள என்று ஆகியிருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். எதில் கவனம்?

பதில்: மாத்திரைப் பட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர் பட்டினி கிடந்தால், சர்க்கரை அளவு ரொம்ப ஏறாமலே ரத்தத்தில் கீட்டோன் என்ற ஆபத்தான அமிலம் ஏறிவிடலாம். கடைசியாக எப்போது போட்டார் என்பதைச் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள்.