புல்லட்டில் ‘டொக் டொக்’ சத்தம்: என்ஜினை இறக்கும் முன்

கேள்வி: அப்பாவின் 1984 மாடல் புல்லட் 350. நான்கு ஆண்டுகள் ஓடாமல் நின்றிருந்தது. புது பேட்டரி, புது ஆயில் போட்டு ஓட்டத் தொடங்கினேன். ஐட்லிங்கில் இடப்பக்கம் கனமான ‘டொக், டொக்’ சத்தம் வருகிறது. ஆக்சிலரேட்டரை முறுக்கினால் மறைந்துவிடுகிறது. கிளட்சைப் பிடித்தால் சத்தம் சற்று மாறுகிறது. கனெக்டிங் ராடு போய்விட்டது, என்ஜினை இறக்கியாக வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கிவிடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று அடையாளங்களும் கனெக்டிங் ராடுக்குப் பொருந்தவில்லை. என்ஜினைப் பிரித்துவிட்டால் சத்தம் எங்கிருந்து வந்தது என்று அறியும் வழியும் அத்தோடு போய்விடும். பிரித்த பிறகு எல்லாப் பாகத்திலும் கொஞ்சம் தேய்மானம் இருக்கும். எல்லாவற்றையும் மாற்றுவீர்கள், பூட்டியபின் அதே ‘டொக்’ திரும்ப வரும். திருவொற்றியூரில் வார்ப்பிரும்பு சிலிண்டரோடு செய்யப்பட்ட இந்த என்ஜின், வெளியே நின்று பொறுமையாகக் காது கொடுத்தால் தன் குறையைத் தானே சொல்லிவிடும்.

இது 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கொண்ட ஒற்றை சிலிண்டர் என்ஜின். பிஸ்டன் சுற்றவைக்கும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு முறை வெடிப்பு. ஐட்லிங்கில் ஒவ்வொரு வெடிப்புக்கும் கிராங்க் ஒரு உந்து உந்தி, அடுத்த வெடிப்புவரை தளர்கிறது. கிராங்கோடு சேர்ந்து சுற்றும் எந்தப் பொருளாவது தளர்ந்திருந்தால், இந்த உந்தலிலும் தளர்விலும் முன்னும் பின்னும் மோதும். வேகம் கூடியதும் ஃப்ளைவீல் சுழற்சியைச் சமன்படுத்திவிடுவதால் மோதல் நின்றுவிடும். உங்கள் சத்தம் அப்படியே நடந்துகொள்கிறது.

பிக் எண்ட், அதாவது கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் கீழ்முனை, அடிப்பது வேறு மாதிரி. என்ஜின் சூடாகி ஆயில் இளகியதும் அது கூடும். நடுத்தர வேகத்தில் சுமை ஏறும்போதும், ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடும்போதும் தெளிவாகக் கேட்கும். வேகம் கூடினால் ஒருநாளும் மறையாது. பிஸ்டன் தளர்வு இதற்கு நேர்மாறு: காலையில் முதல் கிக்கில் கடகடவென்று அடித்து, சூடானதும் அடங்கும். வால்வுகளை இயக்கும் டேப்பெட்டின் சத்தம் வலப்பக்கத்திலிருந்து ‘டிக், டிக்’ என்று மெலிதாக, கிராங்கின் பாதி வேகத்தில் வரும். பெண்டு பைப் (புகைக்குழாய்) சிலிண்டர் ஹெட்டில் சேருமிடத்தில் புகை கசிந்தாலும் இதே ‘டிக்’தான் கேட்கும், அந்த இடத்தில் கரி படிந்திருந்தால் டேப்பெட்டைத் தொடாமல் முதலில் பைப்பை இறுக்குங்கள்.

உங்கள் வண்டியில் பார்க்க வேண்டியது, கிராங்கிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயினை மூடியிருக்கும் இடப்பக்கத்து பிரைமரி கவருக்குள். அங்கே மூன்று பொருள்கள்: கிராங்கின் முனையில் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் மேக்னட் (அதைச் சுற்றி அசையாத காயில்), இரட்டை வரிசை செயின், கிளட்ச் டிரம். என்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது நீண்ட ஸ்குரூ டிரைவர் ஒன்றின் பிடியைக் காதெலும்பில் வைத்து, முனையைக் கவரின் முன்பக்கம், பின்பக்கம், பிறகு வலப்பக்க டைமிங் கவர், சிலிண்டரின் அடிப்பகுதி என்று ஒவ்வொன்றாக வையுங்கள். விசிறி இல்லாத வண்டி என்றாலும் செயினும் சக்கரமும் உண்டு. சட்டை நுனியைச் செருகிக்கொள்ளுங்கள். கவரின் முன்பக்கத்தில் சத்தம் உரத்துக் கேட்டால் மேக்னட்டைச் சந்தேகிக்கலாம். பின்பக்கத்தில் என்றால் கிளட்ச்.

பிறகு என்ஜினை அணைத்து, ஆறவிட்டு, கவரைக் கழற்றுங்கள். இடப்பக்க ஃபுட் ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் எடுத்துவிட்டால், கவரைப் பிடித்திருப்பது நடுவில் உள்ள ஒரே நட்டுதான். சுமார் 400 மில்லி ஆயில் கொட்டும். அடியில் தட்டு வையுங்கள். அந்த ஆயிலை உடனே கீழே கொட்டிவிடாமல் வெளிச்சத்தில் பாருங்கள். பளபளக்கும் இரும்புத் தூள் இருந்தால் ஏதோ ஒன்று எதன்மீதோ உரசியிருக்கிறது.

மேக்னட்டை இரு கைகளாலும் பிடித்து இடவலமாகத் திருகுங்கள். கிராங்க் அசையாமல் மேக்னட் மட்டும் இம்மியளவு ஆடினாலும் போதும், உங்கள் ‘டொக்’ கிடைத்துவிட்டது. நட்டு தளர்ந்து, மேக்னட்டைக் கிராங்கோடு பூட்டி வைக்கும் சிறு இரும்புத் துண்டான சாவி தேய்ந்திருக்கும். பழைய புல்லட்டுகளில் பிக் எண்ட் என்று தவறாகத் தீர்ப்பு வழங்கப்படும் சத்தங்களில் இதுதான் முதலில் நினைவுக்கு வர வேண்டியது, ஏனென்றால் இரண்டும் கனமான அடி, இரண்டும் கிராங்கிலிருந்து வருபவை. சாவியும் லாக் வாஷரும் புதிதாகப் போடுங்கள். சாவி பதியும் காடி அகன்றிருந்தால் மேக்னட்டையும் மாற்ற வேண்டும். பூட்டும்போது மேக்னட்டுக்கும் காயிலுக்கும் இடையே சுற்றிலும் 0.2 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தடையின்றி நுழைய வேண்டும். ஓரிடத்தில் நுழையாவிட்டால் காயிலைத் தாங்கும் மூன்று நட்டுகளையும் தளர்த்தி நடுவில் கொண்டுவாருங்கள்.

மேக்னட் உறுதியாக இருந்தால் செயினுக்கு வாருங்கள். மேல் பக்கத்து நடுவில் விரலால் அழுத்தினால் 6 மி.மீ. அளவுக்கு ஆட வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பார்க்காதீர்கள்; பிளக்கைக் கழற்றிவிட்டு என்ஜினை மெல்லச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் இந்த அளவை வையுங்கள். இறுக்கமான இடத்தில் சரியாக வைத்தும் இன்னோரிடத்தில் தொங்கினால் செயின் சீரில்லாமல் நீண்டிருக்கிறது, அதை மாற்றத்தான் வேண்டும். கிளட்ச் டிரம்மை மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். கிளட்சைப் பிடித்தால் சத்தம் மாறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது டிரம்மின் பேரிங் ஆட்டத்துக்கும் ஓர் அறிகுறி.

ஆயில் பற்றி ஒரு சொல். நெடுநாள் நின்ற புல்லட்டில் தொட்டி ஆயில் மெல்ல கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியில் குறைவாகக் காட்டும். பலரும் உடனே மேலும் ஊற்றிவிடுவார்கள். சில நிமிடம் ஓட்டி அணைத்தபின் அளவு பாருங்கள். டைமிங் கவரில் உள்ள ஃபில்டரையும் மாற்றுங்கள். நான்கு ஆண்டுப் பிசுக்கு அதில் படிந்திருந்தால், இன்று நன்றாக இருக்கும் பிக் எண்ட் நாளை உண்மையாகவே கெட்டுவிடும்.

இத்தனையும் சரியாக இருந்து சத்தம் நிற்காவிட்டால்தான் மெக்கானிக் சொன்னதற்கு வரலாம். அப்போதும் முழு என்ஜினையும் இறக்க வேண்டியதில்லை. பெட்ரோல் டேங்கை எடுத்துவிட்டு, ஹெட்டையும் சிலிண்டரையும் வண்டியிலேயே தூக்கலாம். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து கனெக்டிங் ராடைப் பிடித்து நேர் மேலும் கீழுமாக இழுங்கள். பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு. மேலும் கீழும் ஆட்டம் தெரிந்தால், கிராங்கைப் பிரித்துச் சேர்த்து டயல் கேஜ் என்ற அளவுகருவியில் பார்த்து நேர்ப்படுத்தத் தெரிந்த லேத் பட்டறையை முதலில் கண்டுபிடியுங்கள். என்ஜினை இறக்குவது அதற்குப் பிறகு. கவரைத் திறந்து பார்க்கும்வரை வண்டியை ஓட்ட வேண்டாம்; தளர்ந்த மேக்னட் காயிலைத் தின்றுவிடும்.