கேள்வி – பதில்: தயிர்ப் பற்றீரியாவும் நோய்ப் பற்றீரியாவும்

கேள்வி: எருமைத் தயிரை உறைய வைக்கும் பற்றீரியாவும் வயிற்றோட்டத்தை உண்டாக்கும் பற்றீரியாவும் ஒரே புரதத்தைக் கொண்டுதான் இரண்டாகப் பிரிகின்றன என்று எங்கள் ஆசிரியர் கூறினார். அப்படியானால், அந்தப் புரதத்தைத் தாக்கும் ஒரு மருந்து எல்லாக் கிருமிகளையும் அழித்துவிடாதா?
– உயர்தர உயிரியல் மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: ஆசிரியர் கூறியது சரியே. எப்.ரி.எஸ்.செட் எனப்படும் அப்புரதம் கலத்தின் நடுவே, மென்சவ்வின் உட்புறத்தில் வளையமாகச் சேர்கிறது. ஏனைய பிரிவுப் புரதங்கள் அந்த வளையத்தில் வந்து இணைந்த பின்னரே குறுக்குச் சுவர் உருவாகிறது. குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பற்றீரியாவில் இவ்வளையத்தை பை, லுட்கென்ஹவுஸ் ஆகிய ஆய்வாளர் இருவரும் 1991இல் கண்டறிந்தனர். 1998இல் இதன் முப்பரிமாண அமைப்பு வெளியானபோது, நமது கலங்களில் நுண்புன்குழாய்களை ஆக்கும் தியூபுலின் என்னும் புரதத்தின் மடிப்பை (புரத இழை மடிந்து பெறும் வடிவத்தை) அது பெரிதும் ஒத்திருப்பது தெரியவந்தது. இவ்விரு புரதங்களின் அமினோ அமில வரிசைகளில் ஒத்த பகுதி ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இருந்தும், மடிப்பும், ஜி.ரி.பி. என்னும் சக்தி வழங்கும் மூலக்கூறு பிணையும் இடமும் பேணப்பட்டுள்ளன. ஆகவே, பேணப்பட்ட பரம்பரையலகு என்று படிக்கும்போது வரிசை முழுவதும் மாறாதிருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம்.

வளையம் பொதுவானதாயினும், அது அமையும் இடத்தைத் தீர்மானிக்கும் முறை இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. ஈ. கோலையில் மின் (Min) எனப்படும் புரதங்கள் கலத்தின் இரு முனைகளுக்குமிடையே மாறி மாறி அலைந்து, முனைகளில் வளையம் தோன்றாமல் தடுக்கின்றன. நியூமோனியாவுக்குக் காரணமான ஸ்ரெப்டோகொக்கசில் இத்தொகுதி இல்லை. அங்கு மாப்செட் என்னும் வேறொரு புரதம் நடுவிடத்தைக் குறிக்கிறது. கிளமிடியா என்னும் நோய்ப் பற்றீரியாவோ எப்.ரி.எஸ்.செட் இல்லாமலே பெருகுகிறது. என்னைக் கேட்டால், இப்பாடத்தின் சுவையே இந்த விதிவிலக்குகளில்தான் இருக்கிறது.

மருந்தைப் பொறுத்தவரை, தாக்க வேண்டிய புரதம் பொதுவாயிருப்பது மட்டும் போதாது. மருந்து கலத்தினுள் நுழையவும் வேண்டும், அங்கே சிதைக்கப்படாமல் நிலைக்கவும் வேண்டும். பிரிவுத் தொகுதியின் இன்னோர் உறுப்பான, குறுக்குச் சுவரைக் கட்ட உதவும் எப்.ரி.எஸ்.ஐ புரதத்தைச் செபலெக்சின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தடுப்பதால், ஈ. கோலை பிரிய முடியாமல் நீண்ட இழையாக வளர்கிறது. ஆயினும் பீற்றா லக்டமேசு நொதிகளைச் சுரக்கும் பல பற்றீரியாக்கள் அம்மருந்தைச் சிதைத்துவிடுகின்றன, கலச்சுவரே இல்லாத மைக்கோபிளாஸ்மா என்னும் பற்றீரியாவை அது தொடுவதுமில்லை. எல்லாவற்றையும் கொல்லும் மருந்து கிடைத்தாலும், குடலில் நமக்குத் துணைநிற்கும் பற்றீரியாக்களும் அதனோடு அழியும். அதனால்தான், எப்.ரி.எஸ்.செட்டைத் தடுக்கும் சேர்மங்களில் ஸ்ரபிலோகொக்கசு என்னும் நோய்ப் பற்றீரியாவைப் பெரிதும் தாக்கி, மற்றவற்றை ஓரளவு விட்டுவைக்கும் வகை ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றுள்ளது.