முதல்ல டேங்க், அப்புறம்தான் லைட்டு
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அண்ணே, மழை சீசன் வருது, இன்வெர்ட்டர் வாங்கலாம்னு இருக்கோம். 150 ஏஹெச் (ஆம்பியர் அவர், பேட்டரி எவ்வளவு கரண்ட சேத்து வைக்கும்ங்கற அளவு) பேட்டரி போட்டா எட்டு மணி நேரம் நிக்கும்ங்கறார் கடைக்காரர். தானே புயல் மாதிரி இன்னொன்னு வந்தா இது போதுமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தானே மாதிரி வந்தா எந்த இன்வெர்ட்டரும் போதாதும்மா. 2011 டிசம்பர் 30 விடியக்காலைல அது கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரை ஏறுச்சு, கரண்ட் போஸ்ட்டெல்லாம் வரிசையா சாஞ்சு, பல கிராமம் வாரக்கணக்குல இருட்டுல கெடந்துச்சு, இத்தனைக்கும் நெய்வேலி இருக்கற மாவட்டம் இது! இன்வெர்ட்டர் ஒரு நாள் கரண்ட் கட்டுக்குத்தான், தீந்தா திரும்ப சார்ஜ் ஏத்தவும் கரண்ட் வேணும்ல.

எட்டு மணி நேரம்ங்கறதும் நீங்க என்ன ஓட்டுறீங்கங்கறதப் பொறுத்ததுதான். 12 வோல்ட் பேட்டரி, 150 ஏஹெச்னா பெருக்கிப் பாத்தா கணக்குக்கு 1800 வாட் அவர் (அதாவது 100 வாட் சாமான 18 மணி நேரம் ஓட்டற அளவு), கைக்கு வர்றது ஒரு 1200னு வச்சுக்கோங்க. 75 வாட் ஃபேன் ஒண்ணு, ரெண்டு எல்இடி பல்புனா பன்னெண்டு மணி நேரம் தாங்கும், ரெண்டு ஃபேன், டிவின்னு போனா நாலஞ்சு மணி நேரத்துல கீ கீன்னு கத்த ஆரம்பிச்சிடும். கரண்ட மிச்சம் பண்ற பிஎல்டிசி மோட்டார் ஃபேன் 30 வாட்தான் இழுக்கும், காசு இருந்தா அதுல போடுங்க.

எல்லாத்தவிட தண்ணியப் பாருங்க. லைட் இல்லன்னா ஏழு மணிக்கே படுத்துக்கலாம், மோட்டார் ஓடலன்னா பாத்ரூமுக்கு என்ன செய்வீங்க? வீட்டு இன்வெர்ட்டர் ஒரு ஹெச்பி மோட்டார இழுக்காது. துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்திட்டாங்கன்னு கேட்டதுமே டேங்க், ட்ரம், அண்டா எல்லாத்தையும் ரொப்பிடுங்க, ஏன்னா காத்து ஏறுனா ஈபிகாரங்களே பாதுகாப்புக்கு லைன ஆஃப் பண்ணிடுவாங்க. நாள் கணக்குல போச்சுன்னா தெருவே சேந்து ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து வீடு வீடா டேங்க் ஏத்திக்கறதுதான் வழி, ஆனா சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (ஈபி லைன், ஜெனரேட்டர் ரெண்டுல ஒண்ண மட்டும் வீட்டோட சேக்கற சுவிட்ச்) இல்லாம வீட்டு லைன்ல சொருகாதீங்க, கரண்ட் திரும்ப மெயின் லைனுக்கு ஏறி கம்பத்துல நிக்கற லைன்மேன் உசுருக்கு ஆபத்தாயிடும்.

கேள்வி: அம்மாவுக்கு இன்சுலின் போடறோம். ஃப்ரிட்ஜ் ரெண்டு நாள் ஓடலன்னா மருந்து கெட்டுடுமா சார்?
– வாசகர், ரெயின்போ நகர், புதுச்சேரி

பதில்: பதறாதீங்க. திறந்த இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரிக்குள்ள நாலு வாரம் வரைக்கும் தாங்கும், உங்க மருந்துக்கு எத்தன நாள்னு உள்ள இருக்கற சீட்டுல போட்டிருக்கும், டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கோங்க. மார்கழி குளிருக்கு ஈர மணல்ல ஒரு சின்ன மண்பானை வச்சு, மருந்த நனையாம டப்பால போட்டு உள்ள வச்சா போதும். ஐஸ் மேல நேரா வைக்காதீங்க, உறைஞ்சுபோன இன்சுலின் தூரத்தான் போடணும்.

உங்க ஏரியால இன்னொண்ணும் இருக்கு. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கரை கடந்தப்போ பாண்டில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டி வீட்டுக்குள்ளயே தண்ணி வந்துச்சே, மறந்திருக்க மாட்டீங்க. இன்வெர்ட்டர் பேட்டரி இன்னும் தரையிலயே இருந்தா எலக்ட்ரீஷியன கூப்பிட்டு இடுப்பு உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டு அடிச்சு மேல ஏத்திடுங்க.

கேள்வி: சின்ன ஜெனரேட்டர வராண்டாலயே வச்சுக்கலாமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: கூடவே கூடாது. அந்தப் புகையில வாசனையே தெரியாத கார்பன் மோனாக்சைடு இருக்கு, தூங்கறவங்க எழுந்திரிக்க மாட்டாங்க. மழை படாம, ஜன்னல் கதவுக்கு எட்டாத தூரத்துல, வெளியில.