லைட்னிங் ஷீல்டு அடியைத் தாங்காது, திருப்பி அடிக்கும்

கேள்வி: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் ஆன்லைன் கேமில் 32-ஆம் லெவல் ஓர்க் ஷாமன் (மந்திரமும் கைச்சண்டையும் தெரிந்த பாத்திரம்) ஆடுகிறேன். சண்டை தொடங்கியதும் லைட்னிங் ஷீல்டு மந்திரம் போடுகிறேன். வாங்கும் அடி குறையவே இல்லை. மூன்று உருண்டைகளும் சீக்கிரம் தீர்ந்துவிடுகின்றன, மனாவும் (மந்திரம் போடச் செலவாகும் சக்தி) காலி. எங்கே தவறு?

பதில்: பெயரில்தான் ஷீல்டு. உங்கள் மேல் விழும் அடியில் ஒரு புள்ளியைக்கூட இது குறைக்காது. உங்களைச் சுற்றும் மூன்று மின்னல் உருண்டைகளில் ஒன்று, அடித்தவன் மேல் பாய்ந்து நேச்சர் டேமேஜ் (இயற்கை வகை மந்திர அடி) கொடுத்துவிட்டு மறையும், அவ்வளவுதான். கைச்சண்டை, அம்பு, மந்திரம் எது பட்டாலும் பாயும். ஆனால் சில விநாடிகளுக்கு ஓர் உருண்டைதான். நாலு பேர் சேர்ந்து அடித்தாலும் நாலு மடங்கு பலன் கிடைக்காது.

அடி குறைய வேண்டுமானால் கையில் நிஜக் கேடயம் பிடியுங்கள், ஸ்டோன்ஸ்கின் டோட்டம் (ஷாமன் தரையில் நடும், கைச்சண்டை அடியைக் குறைக்கும் மந்திரக் கம்பம்) வையுங்கள்.

மனா தீர்வதற்குக் காரணம், நீங்கள் போடும் நேரம். ஷீல்டு 10 நிமிடம் நிற்கும். எனவே ஒரு சண்டை முடிந்ததும் முதலில் ஷீல்டைப் போடுங்கள், அதற்குப் பிறகு உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். செலவழித்த மனா அங்கேயே நிரம்பிவிடும். அடுத்த சண்டைக்கு முழு மனாவோடும் மூன்று உருண்டைகளோடும் போவீர்கள். குடித்துவிட்டுப் போட்டால் அந்த லாபம் போச்சு. சண்டை நடுவே போடுவது அதைவிட மோசம்: மனா செலவழித்த பின் 5 விநாடிகளுக்கு ஸ்பிரிட் (மனாவைத் தானாக ஊறவைக்கும் பண்பு) வழியாக மனா ஊறாது. உங்கள் லெவலில் ஷீல்டுக்குப் போகும் மனாவில் ஒரு லெஸ்ஸர் ஹீலிங் வேவ் (உயிரை ஏற்றும் மந்திரம்) போட்டு மிச்சமும் பிடிக்கலாம்.

மந்திரங்களின் அடுத்த ரேங்க்கைக் கற்றுத்தரும் ட்ரெய்னரிடம் போய்வந்தீர்களா என்றும் பாருங்கள். 24-ஆம் லெவலில் வரும் ரேங்க் 3-இல் உருண்டைக்கு 51 டேமேஜ், விலை 125 மனா. 32-இல் கிடைக்கும் ரேங்க் 4-இல் உருண்டைக்கு 80, விலை 180. மூன்று உருண்டையையும் சேர்த்தால், ஒரு மனாவுக்குக் கிடைக்கும் டேமேஜ் 1.22-இலிருந்து 1.33 ஆகிறது. 56-ஆம் லெவலின் ரேங்க் 7 மூன்று உருண்டைக்கும் சேர்த்து 594 டேமேஜ் தருகிறது, 370 மனாவுக்கு. அப்போது கணக்கு 1.6-ஐத் தொடும். லெவல் ஏற ஏறத்தான் இது லாபமான மந்திரம்.

ஓர் உருண்டை மிச்சமிருக்கும்போதே மறுபடி போடாதீர்கள். நான்காகச் சேராது, மூன்றாகத்தான் புதுப்பிக்கும், மிச்சமிருந்தது வீண்.

இம்ப்ரூவ்டு லைட்னிங் ஷீல்டு டேலண்டுக்கு (லெவல் ஏறும்போது வரும் புள்ளிகளால் வாங்கும் திறன்) 3 புள்ளி கேட்கிறார்கள், கிடைப்பது 15 சதவீதம் கூடுதல் டேமேஜ். ரேங்க் 4-இல் அது மொத்தம் 36 டேமேஜ் மட்டுமே. கைச்சண்டை ஷாமனுக்கு அந்தப் புள்ளிகள் தண்டரிங் ஸ்டிரைக்ஸ் டேலண்டில்தான் போக வேண்டும். அதை 5 வரை நிரப்பினால்தான் ஃப்ளரி (அடிக்கும் வேகத்தை ஏற்றும் டேலண்ட்) திறக்கும். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

இரண்டு இடங்களில் மட்டும் ஷீல்டை நம்பாதீர்கள். நேச்சர் டேமேஜ் ஏறாத சில எலிமெண்டல்களிடம் உருண்டைகள் வெறுமனே கரையும். எதிரணிப் பிரீஸ்டோ ஒரு டிஸ்பெல்லில் (மந்திரத்தை நீக்கும் மந்திரம்) மொத்தத்தையும் கழற்றிவிடுவார். அவரோடு மோதும்போது 45 மனாவுக்குக் கிடைக்கும் ரேங்க் 1-ஐயே போடுங்கள், கழன்றாலும் இழப்பு சிறிது.